தொண்ணூற்றாறுக்கு அடுத்தது நூற்றுப்பதின்மூன்று

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை மறைக்கிற ஆள் நானில்லை. என்னுடைய நாவலின் பின்னட்டையில் முதல் வரியே அதுதான். கொழும்பில் தமிழில் சினிமா விமர்சனம் எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். படத்தைப் பார்த்துவிட்டு எழுதியவர்கள் ஒரு கையில் அடங்குவார்கள். அந்தக் கையில் பெருவிரல் நான். மற்ற விரல்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது யார் என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை.

எப்படி விமர்சகன் ஆனேன் என்று கேட்பவர்களுக்கு நான் சைக்கிளைத்தான் காட்டுவேன். கொட்டாஞ்சேனையில் ஒரு படமாளிகை, வெள்ளவத்தையில் ஒரு படமாளிகை, இரண்டுக்கும் ஒரே முதலாளி. இந்தியாவிலிருந்து வருகிற புதுப்படத்துக்குப் பிரதி ஒன்றுதான். கொட்டாஞ்சேனையில் காட்சி முதலில் தொடங்கும், வெள்ளவத்தையில் பிந்தித் தொடங்கும். இங்கே ஓடி முடிந்த ரீலைத் தகரப் பெட்டியில் போட்டு, சைக்கிள் கரியரில் கட்டி, காலி வீதி நெடுக மிதித்து அங்கே சேர்க்க வேண்டும். நானும் இன்னொருவனும் மாறி மாறி ஓடுவோம். மழையென்றாலும் ஊர்வலமென்றாலும் ரீல் போயாக வேண்டும்.

அந்தத் தொழிலில் ஒரு படத்தையும் முதலிலிருந்து முடிவுவரை நான் பார்த்ததில்லை. கொட்டாஞ்சேனையில் மூன்றாவது ரீல் பார்ப்பேன், வெள்ளவத்தையில் ஐந்தாவது பார்ப்பேன். நடுவில் என்ன நடந்திருக்கும் என்பதைக் கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் மிதித்துக்கொண்டே நானாகப் பொருத்திக்கொள்வேன். பிறகு ஒரு நாள் அந்த நடு ரீலைப் பார்க்கக் கிடைத்தால், நான் பொருத்தியது அதைவிட நன்றாக இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமையாகவும் இருக்கட்டும்.

ஒரு மழை நாளில் பம்பலப்பிட்டியில் தண்ணீர் ஏறி, வீதியை மறித்துவிட்டார்கள். நான் ஆறாவது ரீலோடு நின்றுவிட்டேன். என்னோடு ஓடுகிறவன் அதற்குள் கடைசி ரீலான ஏழாவதைக் கடற்கரைப் பாதையால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். வெள்ளவத்தை ஒப்பரேட்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஏழாவதை ஓட்டிவிட்டார். நான் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு விசில் இல்லை, ஒரு கூச்சல் இல்லை. கதிரை உடையவில்லை. ஆறாவது ரீல் என் கரியரில் இருந்தது. விமர்சனம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைச் சொல்லித்தர எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குத் தேவைப்படவில்லை.

பிறகு வெள்ளவத்தையில் வீடியோக் கடை போட்டேன். கசெட் வாடகைக்குக் கொடுக்கிற கடை. அதுதான் இன்றைக்கு என் மகள் பார்க்கிற கைத்தொலைபேசிக் கடை, அதற்கு மேல் மூன்று மாடி. ஒரு ஞாயிறு பத்திரிகையில் வந்த விமர்சனம் பொய் என்று ஆசிரியருக்குத் தொலைபேசியில் ஏசினேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியென்றால் நீங்களே எழுதுங்களேன் என்றார். எழுதினேன். முப்பது வருடத்துக்கு மேல் எழுதினேன். வாரம் தவறாமல், ஒவ்வொரு கிழமையும் கடைசி வரியில், இந்தப் படத்தில் எத்தனையாவது ரீல் வராமல் போயிருந்தால் நல்லது என்று எழுதுவேன். ரீல் இல்லாத காலம் வந்த பிறகும் அப்படியே எழுதினேன். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் என்னைப் பார்த்து, "ஐயா, இந்தக் கிழமை எத்தனையாவது?" என்று கேட்பார்கள். எந்தப் பேராசிரியரை அப்படிக் கேட்டிருக்கிறார்கள்?

நம்மவர் படைப்பு என்று ஒரு சொல் இங்கே உண்டு. கொழும்பில் ஒரு தமிழன் படம் எடுத்தால், பாட்டுத்தட்டு வெளியிட்டால், புத்தகம் போட்டால், அது நம்மவர் படைப்பு. அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும், குறை சொல்லக் கூடாது. எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே அரசாங்க உத்தியோகம் பார்த்த ஒருவர் வாழ்நாளில் ஒரேயொரு படம் எடுத்தார். விமர்சனம் எழுதப் போகுமுன்பே பத்திரிகைக் கந்தோரில் இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டு, நம்மவர், கொஞ்சம் பார்த்து எழுதுங்கள் என்றார்கள். நான் படத்தைத்தான் பார்த்தேன். தாய் சாகிற ஆறாவது ரீலில் எல்லோரும் அழுகிறார்கள், நடிகர்கள் அழுகிறார்கள், வயலின் அழுகிறது. பார்க்கிறவனுக்கு அழ இடமில்லை. அந்த ரீலை யாராவது பஸ்ஸில் மறந்துவிட்டு வந்திருந்தால் சனம் அழுதிருக்கும் என்று எழுதினேன். படம் அந்தக் கிழமையோடு படமாளிகையை விட்டு எடுக்கப்பட்டது. அவர் அதற்குப் பிறகு படம் எடுக்கவில்லை. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்.

சில வருடங்களுக்கு முன் கொழும்பில் வெளிநாட்டுப் படங்கள் காட்டும் விழா ஒன்று நடந்தது. அதற்கு நடுவராக அயர்லாந்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். அவருடைய நாட்டில் பெரிய பத்திரிகையில் காலம் காலமாகச் சினிமா விமர்சனம் எழுதியவர். பிறகு நாவலாசிரியர் ஆகிவிட்டார். என் மகள் ஆங்கிலம் நன்றாகக் கதைப்பாள், அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவரைப் பிடித்தேன். வெள்ளைத் தாடி, வெயிலில் சிவந்த மூக்கு, இளநீர்க் குரும்பையைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றார். அவர் சொன்னதை மகள் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. பல்கலைக்கழகம் முடித்த கையோடு பத்திரிகை வேலை. கடல் தாண்டி எங்கே பட விழா நடந்தாலும் பத்திரிகைச் செலவில் பயணம். நாவல் எழுதினால் அச்சிட ஒரு கம்பனி, விற்க ஒரு கம்பனி. அந்த மனுசன் ஒரு ரீலையாவது சுமந்திருப்பாரா? ஆனாலும் ஒன்று சொன்னார், அது என் மனதில் தைத்துவிட்டது. அவருடைய முதல் நாவல் வந்தபோது, அவரிடம் அடிபட்ட டைரக்டர்களும் எழுத்தாளர்களும் பல வருடமாகக் காத்திருந்தது போல வந்து, பக்கம் பக்கமாகக் கிழித்தார்களாம். கவலையாக இருந்ததா என்று மகளைக் கேட்கச் சொன்னேன். இல்லை, என்றாராம். கிழிப்பதற்கு அவர்கள் அதை வாசிக்க வேண்டியிருந்ததே, என்றாராம்.

அன்றைக்கே என் நாவலை எழுதத் தொடங்கினேன். எழுத வேண்டியது ஒன்று எனக்குள் ரொம்ப நாளாகக் கிடந்தது. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். முகத்துவாரத்தில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். ஒரு நாள் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். கிரேனில் தொங்கிய வலை அறுந்து அவர்மேல் விழுந்தது. நான் அந்த நேரம் காலி வீதியில் ஏதோ ஒரு படத்தின் ஏதோ ஒரு ரீலோடு போய்க்கொண்டிருந்தேன். செய்தி என்னைத் தேடிக்கொண்டு படமாளிகைக்கு வந்தது. அடுத்த நாள் அப்பாவோடு வேலை செய்த ஒருவர் குடையைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். இதை அப்படியே ஒரு அத்தியாயமாக எழுதினேன். மற்ற அத்தியாயங்களைக் கற்பனையாக எழுதினேன், அதற்கு மதில் கட்டுகிற மாதிரி. நாவல் முழுவதும் அந்த அத்தியாயத்துக்காகத்தான். விமர்சகர்கள் என்னைக் கிழித்தாலும் அந்த இடத்தில் கை நடுங்கும் என்று நினைத்தேன். கிழிக்கட்டும் என்று காத்திருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். யாராவது ஒருவர் அதை வாசிக்க வேண்டும்.

வெளியீட்டு விழா வெள்ளவத்தையில், ஒரு ஞாயிறு காலை. கொட்டாஞ்சேனை அச்சகத்தில் விழாவுக்குத் தேவையான பிரதிகளை மட்டும் அவசரமாகக் கட்டி, பசை மணக்க மணக்க ஓட்டோவில் அனுப்பினார்கள். நூலைப் பற்றி நயவுரை செய்பவருக்கு மட்டும் அதிலிருந்து ஒரு பிரதி முன்பே போயிருந்தது. மங்கல விளக்கு ஏற்றினோம், எழுந்து நின்று மௌனமாக இருந்தோம், ஆசியுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. மினுங்குகிற தாளில் சுற்றி ரிபன் கட்டிய முதற்பிரதியை வெள்ளவத்தைப் புடைவைக்கடை முதலாளி ஒருவர் பெற்றுக்கொண்டார். சிறப்புப் பிரதி வாங்கியவர்கள் வரிசையில் வந்து, காசு உறையைக் கையில் தந்து, கெமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். என் தோளில் பொன்னாடைக்கு மேல் பொன்னாடை. விமர்சனத்தில் நான் அடித்த நாடகக்காரர்கள் வந்திருந்தார்கள், கவிஞர்கள் வந்திருந்தார்கள். தடியோடு வருவார்கள் என்று பார்த்தேன். எல்லோரும் பொன்னாடையோடு வந்திருந்தார்கள்.

நயவுரைக்கு ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர். அவர் என் ஏழ்மையைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் நீளமாகப் பேசினார். அதெல்லாம் பின்னட்டையில் இருக்கிறது. நான் மேடையில் கதிரையில் இருந்தபடி, அப்பாவின் அத்தியாயத்தை அச்சில் ஒருமுறை பார்ப்போம் என்று புத்தகத்தைப் பிரித்தேன். அதற்கு முந்திய அத்தியாயம் முடிகிற தொண்ணூற்றாறாம் பக்கத்தின் கடைசி வரியில் அப்பா ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு போகிறார். எதிர்ப்பக்கத்தைப் பார்த்தால் நூற்றுப்பதின்மூன்று.

வேறொரு பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். பெரிய தாளைப் பதினாறு பக்கமாக மடித்துக் கோர்க்கிற மடிப்புகளில் ஒன்று முழுவதும் எல்லாப் புத்தகத்திலும் இல்லை. என் கெட்ட காலத்துக்கு, அந்த அத்தியாயம் தொடங்கியது, முடிந்தது எல்லாம் சரியாக அந்த மடிப்புக்குள்.

அதே நேரம் விரிவுரையாளர் சொல்லிக்கொண்டிருந்தார், இந்த நாவலின் கதாநாயகனான அந்தத் துறைமுகத் தொழிலாளி கடைசிப் பக்கம்வரை தளராமல் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறான் என்று. மண்டபம் கைதட்டியது.

ஏற்புரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் மைக்குக்கு முன்னால் நின்று மண்டபத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆறாவது ரீல் கரியரில் இருக்க வெள்ளவத்தை வாசலில் நனைந்துகொண்டு நின்ற அந்த நாள் மாதிரி, விசில் வருகிறதா பார்ப்போம் என்று நினைத்தேன். வாசித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். மகள் பால்தேநீர் கொண்டுவந்து தந்து, "ஏன்பா முகம் ஒரு மாதிரி?" என்றாள். பொன்னாடை வெக்கை என்றேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு கிழவர் மேசைக்குப் போய் ஒரு பிரதியை வாங்கி, சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு, படம் எடுக்க நிற்காமல் போனார். ஒரேயொரு படம் எடுத்த அந்த டைரக்டர்.

ஒரு மாதம் காத்திருந்தேன். முகநூலில் படங்கள் வந்தன, வாழ்த்துகள் வந்தன, இரண்டு பத்திரிகைகளில் விழாச் செய்தி வந்தது. ஒருவர் மகத்தான படைப்பு என்று எழுதினார். விசில் வரவில்லை.

பிறகு அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் நல்ல பிள்ளை, தகப்பன் காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். விசயத்தைச் சொன்னதும் தேடிப் பார்த்தார். மடிப்புகளை வரிசையாக அடுக்கிக் கோர்க்கிற மேசைக்குக் கீழே, வெட்டுத்தாள் மூட்டைக்குப் பின்னால், அந்த மடிப்பு மட்டும் ஒரு கட்டாக அப்படியே கிடந்தது. கையைப் பிசைந்தார்.

"ஐயா, வாங்கினாக்கள் யாரும் கேட்டவங்களா?"

"ஒருத்தரும் கேட்கல."

அவருக்கு அதில் ஒரு நிம்மதி. எனக்கு அந்த நிம்மதியைப் பார்க்க ஏலாமல் இருந்தது. அந்தக் கட்டிலிருந்து கொஞ்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கப் புறப்பட்டேன். எனக்கு அது புதிய வேலை இல்லை.

முதலில் புடைவைக்கடை முதலாளி வீடு. மாடிக் குடியிருப்பு, காவலாளி என்னைச் சிங்களத்தில் விசாரித்துவிட்டு மேலே விட்டான். முதலாளி கடைக்குப் போயிருந்தார். முதற்பிரதி கண்ணாடி அலுமாரிக்குள் வெள்ளித் தாம்பாளத்தோடு நின்றது, ரிபன் அவிழ்க்காமல். மனைவி நான் கொடுத்த தாளை வாங்கிப் புரட்டிவிட்டு, "இது என்ன, கலியாணக் கார்டா?" என்று கேட்டார். நல்ல மனுசி. தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

பிறகு பம்பலப்பிட்டியில் விரிவுரையாளர். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார், கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஓம் ஓம், அந்த இடத்தில ஒரு பாய்ச்சல் இருந்தது. நான் அதை நவீன உத்தி எண்டெல்லோ நினைச்சனான்."

"அந்த உத்திக்குள்ள ஆள் செத்துப் போறாரு சேர். நீங்க கடைசிப் பக்கம்வரை நிமிர்ந்து நிக்கிறாருன்னு சொன்னீங்க."

அவர் அசையவில்லை. "குறியீடாச் சொன்னனான்," என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். இன்னும் பல வீடுகள் இருந்தன. எதற்கும் போக மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு வீடு மட்டும் என்னை இழுத்தது. அந்த மனுசன் உறையும் இல்லாமல், படத்துக்கும் நிற்காமல், காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனவர்.

வத்தளையில் மகனுடைய வீட்டுக்குப் பின்னால் தனி அறையில் இருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துப் போனேன். என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வாரும், இரும்," என்றார். கட்டில் தலைமாட்டில் என் புத்தகம் இருந்தது. முதுகு மடிந்து, முனை மடங்கி, நடுவில் பஸ் டிக்கெட் ஒன்று நீட்டிக்கொண்டு. அப்படி வாசிக்கப்பட்ட என் புத்தகத்தை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன்.

பையிலிருந்து ஒரு மடிப்பை எடுத்து நீட்டினேன். பிழை நடந்துவிட்டது, இதைச் செருகிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வாங்கவில்லை.

"தெரியும். தொண்ணூற்றாறுக்கு அங்கால."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீர் வேணுமெண்டு எடுத்துப்போட்டீர் எண்டு நினைச்சன். உமக்கு அது பழக்கம்தானே."

அவர் புத்தகத்தை எடுத்து டிக்கெட் இருந்த இடத்தைப் பிரித்தார்.

"குடையை எடுத்துக்கொண்டு போறான். அடுத்த பக்கத்தில மழை. பக்கத்து வீட்டுப் பெட்டை நனையப் போறாள் எண்டு அவன்ர மனுசி அதே குடையைக் குடுக்கிறா. திருப்பித் தரத் தேவையில்லை எண்டு சொல்லுறா." விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டார். "குடை திரும்பி வந்திருக்கு, ஆள் வரேல்லை. நான் அதில புத்தகத்தை மூடிப்போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தனான்."

அந்தப் பதினாறு பக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்றேன். வலை அறுந்தது, ஆஸ்பத்திரி, அம்மா விழுந்தது, எல்லாம். அது உண்மையாக நடந்தது என்றும் சொன்னேன். அது என் அப்பா என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் இருக்கும் என்று தேடினேன். இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"என்ர படத்தில செத்ததும் என்ர அம்மாதான்," என்றார்.

பிறகு மருமகள் தேநீர் கொண்டுவந்தாள். பிளேன்டீ, சீனி குறைவு. கண்ணில் வெள்ளை படர்வதைப் பற்றியும், வத்தளையில் தண்ணீர் தேங்குவதைப் பற்றியும் கதைத்தோம். புறப்படும்போது மடிப்பை மீண்டும் நீட்டினேன். எனக்கு வேண்டாம், அதில்லாமலே நல்லாயிருக்கு என்றார்.

நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் இடம் கிடைத்தது. பாலத்தைத் தாண்டும்வரை அந்தப் பதினாறு பக்கத்தையும் வாசித்தேன். மோசமில்லை. இன்றைக்குக் கொழும்பில் எழுதுகிறவர்களில் யாராலும் அப்படி எழுத முடியாது. ஆனால் எல்லோரும் அழுகிறார்கள். அம்மா அழுகிறா, நான் அழுகிறேன், துறைமுகத்துக்காரர்கள் அழுகிறார்கள், மழையும் விடாமல் பெய்கிறது.

என் புத்தகத்தை இந்த ஊரில் வாசித்தவர் ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு என்னிடம் தீர்க்கக் கணக்கு இருக்கிறது. அவர் சொன்னது தீர்ப்பா பழியா என்று கேட்டு வர அந்த அயர்லாந்துக்காரரிடமா நான் போக முடியும்? அவருக்குக் கிழிக்க ஒரு ஊரே வந்தது. எனக்கு வந்தது ஒருவர், அவரும் கிழிக்கவில்லை. அச்சகம் எனக்கு முன்பே கிழித்துவிட்டது, அவர் அது சரி என்றார்.

அடுத்த நாள் அச்சகத்துக்குப் போனேன். மிச்சப் பிரதிகளைக் கட்டுவதற்குப் பெண்கள் மேசையைச் சுற்றி நின்று மடிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விடுபட்ட கட்டு இந்த முறை மறக்காமல் ஆறாவது மடிப்புக்குப் பக்கத்தில் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அச்சகக்காரர் அதைக் காட்டி, பயப்படாதீங்க ஐயா என்றார். அதைச் சேர்க்காமல் தூக்கிவிடச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னேன்.

"பக்க இலக்கம் பாயுமே ஐயா."

"பாயட்டும்."

கட்டைக் கயிற்றால் கட்டி ஓட்டோவில் வைக்கச் சொன்னேன். பாரமாகத்தான் இருந்தது, ஒரு ரீல் பெட்டியளவு. வாசல்வரை வந்தவர் நின்று தலையைச் சொறிந்தார்.

"நடுவில ஆள் சாகிறது இல்லாட்டி கதை விளங்குமா ஐயா?"

"விளங்கும்," என்றேன். "ஒருத்தருக்கு விளங்கியிருக்கு."